வளர்ப்பு அணிலின் முன்பல் நீண்டுவிட்டால்: அறிகுறியை வைத்துக் காரணம் கண்டுபிடிப்பது

அணிலுக்கு முன்னால் மேலே 2, கீழே 2 என்று நான்கு வெட்டுப்பற்கள். இவை உயிர் உள்ளவரை வளர்ந்துகொண்டே இருக்கும். வருடத்துக்குச் சுமார் 15 செ.மீ., அதாவது வாரத்துக்கு ஏறக்குறைய 3 மி.மீ. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று உரசி, வளர்ந்த அளவுக்குத் தேய்ந்துவிடுவதால்தான் நீளம் கூடாமல் நிற்கிறது. அதனால் பல் நீண்டிருந்தால் அது ஏன் தேயவில்லை என்று முதலில் பார்க்க வேண்டும். வெட்டுவதெல்லாம் அதற்குப் பிறகு. காரணம் தெரியாமல் வெட்டினால் மூன்று நான்கு வாரத்தில் பழைய நீளத்துக்கே வந்துவிடும்.

"கடிக்க மரக்கட்டை போட்டால் சரியாகிவிடும்" என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பல் நேராகச் சந்திக்கிற அணிலுக்கு அது நல்லதுதான். பல் விலகிப்போன அணிலால் கட்டையைக் கொறிக்கவே முடியாது. கட்டை கூண்டில் அப்படியே கிடக்கும், பல் வளர்ந்துகொண்டிருக்கும்.

முதலில், இயல்பான பல் எப்படி இருக்கும்

கீழ்ப்பல் மேல்பல்லைவிட இரண்டு மடங்கோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ நீளமாகத் தெரியும். இதுதான் இயல்பு. இதைப் பார்த்துப் பயந்து நன்றாக இருந்த கீழ்ப்பல்லை வெட்டிக் கெடுப்பவர்கள் நிறைய.

வாய் மூடியிருக்கும்போது கீழ்ப்பல்லின் நுனி மேல்பல்லுக்குப் பின்னால் போய் அமர வேண்டும். நான்கின் நுனியும் உளிபோல் சாய்வாகக் கூர்மையாக இருக்கும். முன்பக்கம் மட்டும் எனாமல், பின்பக்கம் அதைவிட மென்மையான தந்தினி (டென்டின்). பின்பக்கம் சீக்கிரம் தேய்வதால் அந்த உளி வடிவம் தானாகவே அமைகிறது. முன்பக்கத்தின் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறம் அழுக்கு அல்ல. எனாமலில் உள்ள இரும்புச் சத்தால் வருவது. தேய்த்துக் கழுவ வேண்டாம்.

கீழ்ப்பற்கள் இரண்டும் சில சமயம் ‘V’ மாதிரி விரிந்து, பிறகு ஒட்டிக்கொள்ளும். கீழ்த்தாடையின் இரு பாதிகளும் நடுவில் எலும்பாக இணையாமல் இருப்பதால் அணிலால் அப்படி விரிக்க முடிகிறது. அது உடைப்பு அல்ல. ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது 'கடகட'வென்று பல்லை உரசும் சத்தமும் அப்படித்தான். பல்லைத் தீட்டிக்கொள்கிறது, அவ்வளவே.

குட்டிகளைப் பற்றி ஒன்று. சாம்பல் அணிலில் கீழ்ப்பல் சுமார் 3 வாரத்தில் முளைக்கும். மேல்பல் வர 5, 6 வாரம் ஆகிவிடும். இடைப்பட்ட காலத்தில் கீழே மட்டும் பல் இருப்பதைப் பார்த்து மேல்பல் உடைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். முளைக்கும்போது பல் வெள்ளையாகவே இருக்கும், நிறம் பிறகு ஏறும்.

வாயைப் பார்க்கும் முறை

பிடித்து வாயைத் திறக்கத் தேவையில்லை. பிடித்த தின்பண்டத்தைக் கூண்டுக் கம்பிக்கு வெளியே, அணிலின் தலைக்குச் சற்று மேலே பிடியுங்கள். அது நிமிர்ந்து நின்று வாயைத் திறக்கும். கீழிருந்து மேலாகக் கைப்பேசியில் வீடியோ எடுத்து, ஒவ்வொரு காட்சியாக நிறுத்திப் பாருங்கள். நேர்முகமாக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று போதும். இதையே வாரம் ஒரு முறை எடுத்து வைத்தால், நீளம் கூடுகிறதா என்ற சந்தேகத்துக்கு இடமே இல்லை.

பிடித்தே பார்க்க வேண்டுமானால் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கனமான துண்டில் முன்கால்கள் உள்ளே இருக்கும்படி சுற்றிப் பிடிக்க, மற்றவர் பஞ்சுக் குச்சியால் மேலுதட்டை மெதுவாக ஒதுக்கிப் பார்க்கலாம். மார்பை இறுக்கக் கூடாது, மூச்சு நின்றுவிடும். வாலைப் பிடித்து இழுக்கவே கூடாது; வால் தோல் உறைபோல உரிந்து கையோடு வந்துவிடும்.

இதோடு ஒரு தராசு. 1 கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசு போதும். வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில் எடை எடுங்கள். 100 கிராம் அணிலுக்கு 10 கிராம், 500 கிராம் அணிலுக்கு 50 கிராம் குறைந்திருந்தால், வெளியில் எதுவும் தெரியாவிட்டாலும் மருத்துவரிடம் போக வேண்டிய கட்டம் அது. பல் தொல்லையை அணில் கடைசிவரை மறைத்துவிடும், தராசிடம் மறைக்க முடியாது.

அறிகுறி: ஆசையாக எடுக்கிறது, கீழே போட்டுவிடுகிறது

பசி இருக்கிறது, வாய் ஒத்துழைக்கவில்லை என்று பொருள். ஓட்டோடு கூடிய கொட்டை, ஓடு நீக்கிய கொட்டை, பழத்துண்டு மூன்றையும் தனித்தனியே கொடுத்துப் பாருங்கள்.

ஓடு மட்டும் உடைக்க முடியவில்லை, மற்றது சாப்பிடுகிறது என்றால் முன்பல்லில்தான் சிக்கல். மென்மையான பழத்தையும் வாயில் வைத்து, தலையைச் சாய்த்து ஒரு பக்கமாகவே மென்று துப்புகிறது என்றால் கடைவாய்ப் பக்கம் வலி இருக்கிறது. மூன்றையும் முகர்ந்துவிட்டு விலகினால் பல்லோடு நிற்கவில்லை, உடலே சரியில்லை, அன்றைக்கே காட்டுங்கள்.

அறிகுறி: தாடையும் மார்பும் ஈரம்

தண்ணீர் குடித்த ஈரம் சில நிமிடத்தில் உலர்ந்துவிடும். தாடைக்கடியில் முடி திரிதிரியாக ஒட்டி, நாள் முழுக்க நசநசவென்று இருந்தால் எச்சில் வடிகிறது. வாய் முழுதாக மூடவில்லை, அல்லது நீண்ட பல் நாக்கையோ அண்ணத்தையோ கிழித்திருக்கிறது. ஈரத்தை ஒற்றி எடுத்து முகர்ந்து பாருங்கள். துர்நாற்றம் இருந்தால் புண்ணோ சீழோ இருக்கிறது. வாயைக் காலால் அடிக்கடி தட்டிக்கொண்டே எச்சில் வடித்தால் பல்லிடுக்கில் ஓட்டுத்துண்டோ நூலோ சிக்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு. கண்ணுக்குத் தெரிந்தால் முனை மழுங்கிய இடுக்கியால் எடுக்கலாம். தெரியாததைத் துழாவ வேண்டாம்.

அறிகுறி: கீழ்ப்பல் உதட்டுக்கு வெளியே நிற்கிறது, மேல்பல் தெரியவே இல்லை

பல் விலகலில் அடிக்கடி காண்பது இதுதான், ஆபத்தும் இதில்தான் அதிகம். கீழ்ப்பல் மேல்பல்லுக்கு முன்னால் வந்துவிட்டதால் இரண்டும் உரசவில்லை. கீழ்ப்பல்லின் வளைவு அகலமானது, அதனால் அது வெளியே நீண்டு மூக்கை நோக்கி ஏறும். மேல்பல்லின் வளைவு குறுகலானது. அது வெளியே வராமல் ஆட்டுக்கடாக் கொம்பு போல வாய்க்குள்ளேயே சுருண்டு அண்ணத்தில் குத்தும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கீழ்ப்பல்லைப் பார்த்தே எல்லோரும் பதறுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத மேல்பல்தான் அணிலைப் பட்டினி போடுகிறது.

எதிர்ப்பல் தொடாத பல் வழக்கத்தைவிட வேகமாகவும் வளரும். ஆகவே 'அடுத்த வாரம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போட வேண்டாம். சாப்பிடுகிறது என்றால் இரண்டு மூன்று நாளுக்குள், சாப்பிடவில்லை என்றால் அன்றைக்கே.

காரணம் தேடும்போது இந்த வரிசையில் யோசியுங்கள்: உயரத்திலிருந்து முகம் அடிபட விழுந்ததா (குட்டியில் மரத்திலிருந்து விழுந்த அணில்களுக்கு இது மிகச் சாதாரணம்), கூண்டுக் கம்பியைக் கடித்து இழுக்கும் பழக்கம் உண்டா, முன்பு எப்போதாவது பல் உடைந்ததா, சாப்பாடு வெறும் விதையும் கொட்டையும்தானா. நான்கும் இல்லை என்றால் பிறவியிலேயே தாடை அமைப்பு அப்படி இருக்கலாம்.

அறிகுறி: ஒரு பல் உடைந்துவிட்டது

உடைந்த இடத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். வெட்டுமுகம் முழுக்க வெள்ளையாகவோ மஞ்சளாகவோ இருந்தால் அவசரம் இல்லை, பல் திரும்ப வளரும். நடுவில் கடுகளவு இளஞ்சிவப்புப் புள்ளியோ இரத்தக் கசிவோ தெரிந்தால் பற்கூழ் (பல்லுக்குள் நரம்பும் இரத்தக்குழாயும் உள்ள மென்பகுதி) திறந்துவிட்டது. கிருமி அதன் வழியே வேர்வரை இறங்கிச் சீழ் பிடிக்கும். ஓரிரு நாளுக்குள் மருத்துவரிடம் காட்டி மூட வேண்டும்.

உடைந்த பல்லையே பார்த்துக்கொண்டிருந்து, அதற்கு எதிரே உள்ள பல்லை மறந்துவிடுவதுதான் வழக்கமான தவறு. மேலே ஒன்று உடைந்தால் அதற்கு நேர்கீழே உள்ள பல்லைத் தேய்க்க ஆள் இல்லை. அது நீண்டு, உடைந்த பல் வளர்ந்து வரும்போது இடத்தை அடைத்து, அதைக் கோணலாகத் தள்ளிவிடும். தற்காலிகமான உடைப்பு நிரந்தர விலகலாக மாறுவது இப்படித்தான். உடைந்த பல் பழைய நீளத்துக்கு வரும்வரை வாரம் ஒரு முறை படம் எடுங்கள். எதிர்ப்பல் பக்கத்துப் பல்லைவிட நீண்டால் அதை மட்டம் செய்யச் சொல்லுங்கள். இரண்டு மாதத்துக்குப் பிறகும் உடைந்த பல் வளரவில்லை என்றால் வேர் சேதமாகியிருக்கிறது, எக்ஸ்ரே தேவை.

அறிகுறி: பல் வெளுத்து, நுனி சில்லுச் சில்லாக உதிர்கிறது

வளர்ந்த அணிலின் பல் ஆரஞ்சு நிறம் இழந்து சுண்ணாம்புக்கட்டி போல் ஆகிவிட்டால் எனாமல் சரியாக உருவாகவில்லை. ஒரே ஒரு பல் மட்டும் வெள்ளை என்றால் பெரும்பாலும் பழைய அடி. நான்கும் வெள்ளை என்றால் சாப்பாட்டைச் சந்தேகியுங்கள்.

உணவில் சுண்ணாம்புச் சத்து பாஸ்பரஸைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருப்பது நல்லது. அணில் விரும்பித் தின்பவை நேர்மாறானவை. 100 கிராம் சூரியகாந்தி விதையில் சுண்ணாம்பு சுமார் 80 மி.கி., பாஸ்பரஸ் சுமார் 660 மி.கி. வேர்க்கடலையில் சுமார் 90-க்கு 380. காய்ந்த மக்காச்சோளத்தில் சுண்ணாம்பு 10 மி.கி.கூடக் கிடையாது. இந்த மூன்றை மட்டுமே மாதக்கணக்கில் தின்ற அணில் தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுத்துச் செலவழிக்கும். தாடை எலும்பு மெலிந்து, பல் ஆட்டம் கண்டு, நிலை மாறும்.

பின்னங்கால் தளர்ச்சி, தாவத் தயக்கம், உடல் நடுக்கம், வலிப்பு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று கூடவே இருந்தாலும் பல்லை விட்டுவிட்டு முதலில் அதைக் கவனிக்க வேண்டும். உயிர் போகும் நிலை அது. அந்த நிலையில் துண்டில் சுற்றி அழுத்திப் பிடித்தால் கால் எலும்பு முறியவும் கூடும். பெட்டியோடு தூக்கிப் போங்கள்.

நாள்பட மாற்ற வேண்டியது சாப்பாட்டு வரிசையை. கொறிவிலங்குகளுக்கான பெல்லட் தீவனத்தை (அழுத்திச் செய்த சிறு துண்டுகள்) அடிப்படை உணவாக்குங்கள். காலையில், பசி அதிகமுள்ள நேரத்தில், அதை மட்டும் வையுங்கள். தின்று முடித்த பிறகு கீரை, காய். மாலையில் ஓட்டோடு ஒரு கொட்டை. கொட்டையை முதலில் காட்டிவிட்டால் பெல்லட்டைத் திரும்பியும் பார்க்காது. பசலைக்கீரையை நம்ப வேண்டாம். அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெயில் வேண்டும், அதுவும் கண்ணாடி குறுக்கே இல்லாத வெயில். சன்னல் கண்ணாடி தேவையான புறஊதாக் கதிரைத் தடுத்துவிடும். ஒதுங்க நிழல் இல்லாத இடத்தில் கூண்டை வைத்துவிடாதீர்கள்.

அறிகுறி: முன்பல் சரியாக இருக்கிறது, ஆனாலும் மெல்ல முடியவில்லை

முயல், கினிப்பன்றிகளுக்குக் கடைவாய்ப்பல்லும் வளர்ந்துகொண்டே இருக்கும். அணிலுக்கு அப்படி இல்லை. வளர்வது முன்பல் மட்டும். முயலுக்கு எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு 'கடைவாய்ப்பல் நீண்டிருக்கும்' என்று முடிவுகட்ட வேண்டாம். அணிலின் கடைவாயில் வருவது சொத்தை, தேய்மானம், ஈற்றுப் புண், வேரில் சீழ். வயதான அணிலிலும், இனிப்புப் பழம் அதிகம் தின்பதிலும் இவை கூடுதல். கண்ணுக்குக் கீழேயோ தாடை ஓரத்திலோ பட்டாணி அளவு கட்டி தென்பட்டால் சீழ்தான் முதல் சந்தேகம். அமுக்கிப் பார்க்காதீர்கள், கீறாதீர்கள். கொறிவிலங்குகளின் சீழ் தயிர்க்கட்டி போல் கெட்டியாக இருக்கும், தானாக வடியாது.

அறிகுறி: மூச்சில் கரகரப்பு, தும்மல், ஒரு கண்ணில் நீர்

சளி என்று நினைத்து வாரக்கணக்கில் மருந்து கொடுத்துக் காலம் போக்குவது இதில்தான். மேல் வெட்டுப்பல்லின் வேர் மூக்குக் குழாயை ஒட்டிப் போகிறது. அடி பட்டுப்பட்டு, அல்லது தாறுமாறாக வெட்டி வெட்டி, வேர்ப்பகுதி சிதைந்தால் பல் வெளியே வர வழியின்றி உள்ளேயே முடிச்சு முடிச்சாகக் கட்டிபோல் திரளும். மூக்கு அடைபடும். கம்பியைக் கடிக்கும் அணில்களுக்கு இந்த அபாயம் அதிகம். வெளியில் பல் குட்டையாக, வளராமல் நின்றுவிட்டதுபோல் தெரியும். 'பரவாயில்லை, பல் நீளவில்லை' என்று சந்தோஷப்பட்டுவிடுவார்கள். தலை எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும். வாயைத் திறந்து மூச்சு விட ஆரம்பித்துவிட்டால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

கம்பி கடிப்பதை நிறுத்தத் திட்டுவதில் பயனில்லை. இடம் போதவில்லை அல்லது வேலை இல்லை. எந்த மூலையை, எந்த நேரத்தில் கடிக்கிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் கதவோரம், வெளியே விடும் நேரத்துக்குச் சற்று முன்பு. அந்த இடத்தின் உட்புறம் பலகை அடித்து, வெளியே விடும் நேரத்தைக் கூட்டி, சாப்பாட்டைக் கிண்ணத்தில் வைக்காமல் கூண்டெங்கும் ஒளித்து வைத்தால் குறையும்.

வெட்டுவது என்று முடிவானால்

நகவெட்டி வேண்டாம். கம்பி வெட்டும் கட்டரும் வேண்டாம். நகம் நார்போல் வெட்டுப்படும், பல் கண்ணாடிபோல் விரிசல் விடும். இரண்டு பக்கமும் நெருக்கும்போது பல் நெடுக்குவாட்டில் பிளந்து, பிளவு ஈற்றுக்குள் இறங்கிவிடும். அன்றைக்குப் பார்க்க நேர்த்தியாகத்தான் இருக்கும். விளைவு வாரங்கள் கழித்துச் சீழாகவோ, கோணலாக முளைக்கும் பல்லாகவோ வரும், அதற்குள் காரணத்தையும் மறந்திருப்போம். கை அரத்தால் ராவுவது பிளக்காது. ஆனால் ஒவ்வொரு ராவலும் பல்லை வேரோடு ஆட்டுகிறது.

சரியான முறை, பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற சுழலும் கருவியில் வைரத் தகடு அல்லது பர் (பல்லை அராவும் சிறு முனை) பொருத்தி அறுப்பது. மயக்கம் கொடுத்து, பல்லுக்குப் பின்னால் மெல்லிய மரத்தகடோ உலோகத்தகடோ வைத்து நாக்கையும் உதட்டையும் காத்து, விட்டுவிட்டுத் தொட வேண்டும். தொடர்ந்து அழுத்தினால் சூடேறிப் பற்கூழ் வெந்துவிடும். ஒரேயடியாக இயல்பான நீளத்துக்குக் கொண்டுவருவதும் சில சமயம் முடியாது; நீண்ட பல்லில் பற்கூழும் சேர்ந்து மேலேறியிருக்கும். இரண்டு தவணையாகக் குறைப்பார்கள். நுனியை மட்டமாக விடாமல் உளிச் சாய்வு கொடுக்கச் சொல்லுங்கள், மறுநாளே கொறிக்கத் தோதாக இருக்கும்.

எல்லாக் கால்நடை மருத்துவர்களும் கொறிவிலங்கு பார்ப்பதில்லை. நேரம் வாங்கும்போதே மூன்று கேள்வி கேளுங்கள்: கொறிவிலங்குக்கு மயக்கம் கொடுத்த பழக்கம் உண்டா, எந்தக் கருவியால் பல்லை வெட்டுவீர்கள், தலை எக்ஸ்ரே எடுக்க முடியுமா. நாய்க்குப் போல் முந்தின இரவிலிருந்து பட்டினி போடவும் தேவையில்லை. அணிலால் வாந்தி எடுக்க முடியாது. பட்டினியில் இரத்தச் சர்க்கரைதான் இறங்கும். எத்தனை மணிக்கு உணவை நிறுத்துவது என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். மனிதருக்கான வலி மாத்திரையோ மீந்த ஆன்டிபயாட்டிக்கோ வீட்டில் கொடுத்துவிட்டுப் போக வேண்டாம். சில ஆன்டிபயாட்டிக்குகள் கொறிவிலங்கின் குடலையே கெடுத்துவிடும்.

அறிகுறி: வெட்டிக்கொண்டு வந்த பிறகு சாப்பிடவில்லை

முதல் நாள் தயங்கும். வெகுநாள் திறந்தே பழகிய தாடைத் தசை வலிக்கும், அண்ணப் புண் எரியும். பெல்லட்டைத் தூளாக்கி, ஒரு பங்குக்கு இரண்டு பங்கு வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு 10 நிமிடம் ஊறவைத்தால் கூழாகும். சிறு கிண்ணத்தில் வையுங்கள், பலதும் தானாகவே நக்கித் தின்னும்.

தின்னாவிட்டால் ஊசியில்லாத 1 மி.லி. சிரிஞ்ச். அணில் நிமிர்ந்து, நான்கு காலும் கீழே இருக்கும் நிலையில், வாயின் ஓரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக. ஒவ்வொரு முறையும் விழுங்குவதைப் பார்த்துவிட்டு அடுத்த சொட்டு. மல்லாக்கப் படுக்கவைத்து ஊட்டினால் நுரையீரலுக்குப் போய்விடும். மூக்கில் குமிழ் வந்தால் உடனே நிறுத்தி, தலையைத் தாழ்த்தித் துடைத்துவிடுங்கள். உடல் சில்லிட்டிருந்தால் ஊட்டவே கூடாது. துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலை அருகில் வைத்துச் சூடேற்றிய பிறகுதான். 24 மணி நேரம் ஆகியும் வாய் வைக்கவில்லை என்றால் திரும்பக் கொண்டுபோங்கள்.

அறிகுறி: சரியாக வெட்டியும் திரும்பத் திரும்ப நீள்கிறது

உடைப்பால் வந்த விலகல் சில முறை மட்டம் செய்தபின் தானாகச் சேர்ந்துவிடுவதுண்டு. தாடை அமைப்பால் வந்தது சேராது. அதற்கு ஆயுள் முழுக்க 3 முதல் 6 வாரத்துக்கு ஒரு முறை வெட்ட வேண்டியிருக்கும். வெட்டிய தேதி, வெட்டிய நீளம், எடை மூன்றையும் குறித்துவைத்தால் நான்கு முறைக்குள் அந்த அணிலின் இடைவெளி எத்தனை வாரம் என்று பிடிபட்டுவிடும். உணவைக் கீழே போடத் தொடங்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே நேரம் வாங்குங்கள்.

இன்னொரு வழி, வெட்டுப்பற்களை நிரந்தரமாக எடுத்துவிடுவது. கேட்கக் கொடூரமாகத் தோன்றும். மாதா மாதம் மயக்க மருந்தும் பயமும் பார்க்கிற அணிலுக்கு அது நிம்மதியாக முடியலாம்; கடைவாய்ப்பல் இருக்கிறது, நறுக்கிக் கொடுத்தால் மென்று தின்னும். ஆனால் அறுவை எளிதல்ல. கீழ் வெட்டுப்பல்லின் வேர் வளைந்து கடைவாய்ப்பற்களுக்கு அடிவரை ஓடுகிறது. பலம் போட்டு இழுத்தால் மெல்லிய தாடை எலும்பு முறியும். வேர்க்குருத்து துளி மிச்சமிருந்தாலும் பல் திரும்ப முளைக்கும். தாடை எலும்பு ஏற்கெனவே மெலிந்த அணிலுக்கு முதலில் சில மாதம் சாப்பாட்டைச் சரிசெய்து, எக்ஸ்ரேயில் எலும்பு தேறியதைப் பார்த்த பிறகுதான் இதைப் பற்றிப் பேசவே வேண்டும். பல் எடுத்த அணிலால் ஓடு உடைக்கவும் தற்காத்துக்கொள்ளவும் முடியாது, அதை வெளியே விட இயலாது. கொட்டையை உடைத்து, காயை விரல்நகம் அகலத்துக்கு நறுக்கி, பெல்லட்டை ஊறவைத்துக் கொடுப்பது அன்றாட வேலையாகிவிடும்.